எல்லாக் காமாலையும் ஒன்றல்ல

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது நம் வழக்கம். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடுவதால் அந்த நம்பிக்கையும் நிலைத்துவிட்டது. பரம்பரை ஈரல் கோளாறுகளிடம் அது செல்லாது.

க்ரிக்லர், நஜ்ஜார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1952-இல் விவரித்த அரிய நோயின் கடும் வகையில், மஞ்சள் நிறமியான பிலிருபினை வெளியேற்ற உதவும் என்சைம் அறவே வேலை செய்யாது, மூளையே பாதிக்கப்படலாம். அந்த என்சைமுக்கான மரபணுவின் லேசான குறையான கில்பெர்ட் நிலை தீங்கற்றது. மற்றொரு பரம்பரைக் கோளாறான வில்சன் நோயில் ஈரலில் செம்பு சேரும். சீக்கிரம் கண்டறிந்தால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம்.

பிரித்தறியும் முதல் படி எளிது: ரத்தத்தில் நேரடி, மறைமுக பிலிருபினைத் தனித்தனியே அளப்பது. மரபணுச் சோதனை பிறகு.

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இந்நோய்கள் பெரும்பாலும் தலைகாட்டும். சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழகம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

உதாரணமாக, சேர்வராயன் மலையில் செம்மநத்தம் போன்ற ஊர்களுக்குச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர்கள், இரண்டு வாரம் கடந்தும் கண் மஞ்சளாக இருக்கும், அல்லது மலம் வெளுத்துப் போகும் பச்சிளங்குழந்தைகளைத் தாமதமின்றிச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கான வாகன வசதியை அரசு உறுதிசெய்ய வேண்டும்.