பங்களாவுக்கு டிக்கட் உண்டு, லயத்துக்கு?

1630 ஆகஸ்டில் பதுளைக்குத் தீ வைத்த படையின் தலைவர் கொன்ஸ்தந்தீனு டி சா. ஆள் போர்த்துக்கீசர்தான். ஆனால் அவர் எந்த மன்னருக்காக வாளெடுத்தாரோ அந்த மன்னர் அப்போது மாட்ரிட்டில் இருந்தார். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் அரசரின் தலையில்தான் இருந்தது. ஊரை எரித்துவிட்டுத் திரும்பிய படையை ரந்தெனிவெலவில் கண்டிப் படை மறித்தது. கூட வந்த, லஸ்கரின் எனப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள் பக்கம் மாறினார்கள். டி சா அங்கேயே மடிந்தார். இன்று பதுளையில் துன்ஹிந்த அருவிக்கு ஓட்டோ பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு ஸ்பானியர் இருந்தால், அவருக்கு இந்தக் கதை நிச்சயம் சுவைக்கும்.

பதுளை இருக்கும் ஊவாவில் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. பதுளை நகரின் நடுவே முத்தியங்கன விகாரை இருக்கிறது. ஹாலி-எல பக்கம் போனால் போகொடையில், கூரை வேய்ந்த பழைய மரப்பாலம். வெல்லவாயவுக்கு அப்பால் புதுருவகலையில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கும் புத்தர் மட்டும் ஐம்பது அடிக்கு மேல். இவையெல்லாம் வழிகாட்டி நூல்களில் ஒழுங்காக இடம்பிடித்துவிட்டன.

பதுளை சென். மார்க்ஸ் தேவாலயத்துக்குள் போகிறவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் பெயரைச் சந்திக்காமல் வெளியே வர முடியாது. 1857இல் எழுந்த அந்தக் கோயிலே அவர் நினைவாகக் கட்டியதுதான். ஊவாவுக்குச் சாலை போட்ட நிர்வாகி என்பது அவருடைய ஒரு முகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியவர் என்பது மறு முகம். 1845 ஜூனில் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறை மேலும் பிறகு இடி விழுந்ததாக ஊர் சொல்லும். யானைகளின் பக்கம் யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அந்தக் கதையைக் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஹப்புத்தளையில் அடிஷாம் பங்களா. ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்த சர் தோமஸ் வில்லியர்ஸ், 1931இல் இங்கிலாந்தின் ஒரு துண்டை வெட்டி மலையுச்சியில் ஒட்டியது போலக் கட்டிய கல் வீடு. இப்போது அது பெனடிக்டின் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா தினங்களிலும் நுழைவுச்சீட்டு எடுத்து உள்ளே போகலாம். துரை உட்கார்ந்த நாற்காலி, படித்த புத்தகங்கள், நடந்த தோட்டம் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. வெளியே வரும்போது துறவிகள் செய்த ஜாம் போத்தல் ஒன்று கையில் இருக்கும். இன்னும் கொஞ்சம் மேலே, தம்பேதென்ன தோட்டத்துக்கு மேல் லிப்டன் சீட். அங்கே சர் தோமஸ் லிப்டன் சிலையாகவே உட்கார்ந்திருக்கிறார், கையில் தேநீர்க் கோப்பையோடு. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்காத பயணி குறைவு. அந்தக் கோப்பைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு அங்கே சிலை இல்லை. படத்தில் வேண்டுமானால் அவள் இருப்பாள், பின்னணிப் பச்சையில் ஒரு சிறு புள்ளியாக.

ரயில் பாதையின் கதையும் இதே மாதிரித்தான். கோச்சி 1894இலேயே பண்டாரவளைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பதுளையைத் தொட மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. இடையில் ஓர் உலகப் போரும் வந்து போனது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தன் மேலேயே கட்டிய ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகிறது. 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் இன்று இலங்கையில் அதிகம் படமெடுக்கப்படும் இடங்களில் ஒன்று. 1924 ஏப்ரல் 5ஆம் திகதி பதுளை ஸ்டேஷன் திறந்தது. பொறியியல் சாதனை என்ற வகையில் இவையெல்லாம் சொல்லப்பட வேண்டியவைதான். அதே தண்டவாளத்தின் வழியாகத்தான் தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னாருக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போனார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்து அழுததால் மலையகத்தார் அதை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எல்லவில் இறங்கிப் பாலத்தைப் பார்க்க ஓடுகிறவருக்கு அந்தப் பயணத்தைப் பற்றி யார் சொல்வது?

டி சாவின் மன்னர் ஆண்ட நாட்டுக்கே போய்ப் பார்க்கலாம். செவில் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் அல்காசார் அரண்மனைக்கும் பேராலயத்துக்கும்தான் வரிசையில் நிற்பார்கள். அரசரும் ஆயரும் அங்கேயும் முன்னால்தான். ஆனால் நகரம் அதோடு நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய பிரமாண்டமான அரச புகையிலைத் தொழிற்சாலை இன்று செவில் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம். அங்கே சுருட்டுச் சுற்றிய ஆயிரக்கணக்கான பெண்களை உலகம் மறக்கவில்லை. பிஸேயின் 'கார்மென்' இசைநாடகத்தின் நாயகி அவர்களில் ஒருத்தி. 1929 கண்காட்சிக்காக எழுந்த ஒரு மாளிகையில் மக்கள் கலைகளுக்கும் வழக்கங்களுக்கும் தனி அருங்காட்சியகம் நடக்கிறது. கைத்தொழிலாளரின் பட்டறைகள், கருவிகள், வீட்டுச் சாமான்கள்தான் அங்கே காட்சிப் பொருள். ஏழை ஜிப்ஸிக் குடியிருப்புகளில் வளர்ந்த ஃபிளமென்கோ ஆட்டத்துக்கும் ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதை நிறுவியவர் கிறிஸ்டினா ஹோயோஸ் என்ற ஆட்டக்காரியே. 2010இல் யுனெஸ்கோ ஃபிளமென்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

நம் மலையகத்தின் காமன் கூத்துக்கு இதில் என்ன குறை? மாசியில் தோட்டத்துக் கோயில் முன்னால் கம்பம் நட்டு, ரதியையும் மன்மதனையும் ஆட வைத்து, கடைசியில் மதனை எரிக்கிற வரைக்கும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தூங்காது. பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு என்று அடுத்தடுத்து வரும். தப்புச் சத்தம் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். ஊவாவுக்கு வரும் பயணியின் கையிலுள்ள அட்டவணையில் இது கிடையாது. தேயிலைத் தொழிற்சாலை பார்க்கலாம். அங்கே வாட்டுவதும் அரைப்பதும் சலிப்பதும் விளக்கமாகக் காட்டுவார்கள், கடைசியில் கோப்பையும் நீட்டுவார்கள். கொழுந்து தராசுக்கு வரும் முன் நடந்தது எதுவும் அந்த விளக்கத்தில் வராது.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலையொன்று தேயிலை அருங்காட்சியகமாகியிருக்கிறது. இயந்திரங்கள் அருமையானவை. தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லருக்கும் லிப்டனுக்கும் அங்கே இடமுண்டு. தொழிலாளியைத் தேடுகிறவர் கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்துக்குப் போக வேண்டும். கண்டியிலிருந்து இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே ஒரு லயத்தையே அருங்காட்சியகமாக்கியது. கூடை, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சமையல் பாத்திரம், தோடு, தப்பு, பழைய பத்திரங்கள் எல்லாம் தொழிலாளர் குடும்பங்களின் பொருள்கள். பெரிய பணம் போட்ட இடமில்லை. ஆனால் ஒற்றைக் காம்பராவுக்குள் நிற்கிறவருக்கு, ஒரு குடும்பம் இவ்வளவு இடத்தில்தான் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துப் படுத்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊவாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த பேர்த் துண்டும் கலியாணப் படமும் அவற்றோடு போனவைதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. லயத்தில் இருப்பவருக்கு லயத்தின் மேல் பாசம் எதற்கு? கூரை ஒழுகுகிற வீட்டைப் பாரம்பரியச் சின்னம் என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார், அல்லது திட்டுவார். இந்திய உதவியில் தனி வீடுகள் எழும்பும் இடங்களில் லயங்கள் இடிவது நல்ல காரியம். ஆட்களைப் பழைய காம்பராவிலேயே வைத்துக்கொண்டு அதைச் சுற்றுலாவாக்குவது அயோக்கியத்தனம். எல்லாரும் புது வீட்டுக்குப் போன பிறகு, மாவட்டத்துக்கு ஒரு லயத்தை மட்டும் விட்டு வைத்தால் போதும். பொருள்களை எடுத்து அடுக்குவதும் கதை சொல்வதும் அங்கே வாழ்ந்தவர்களின் கையில் இருக்க வேண்டும்.

இடத்தை வெகு தூரம் தேட வேண்டாம். 1940இல் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தாங்களே ஒரு குழுவைத் தெரிவு செய்தார்கள். அந்தக் குழுவைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்தார்கள். மே 12ஆம் திகதி தடையையும் மீறி பதுளையில் லங்கா சமசமாஜக் கட்சியின் பெருங்கூட்டம் கூடியது. பிறகு வந்த அடக்குமுறையும், ஊவாவையே நாட்டிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்துதான் அந்தப் போராட்டத்தை முறித்தன. வெவெஸ்ஸ இன்றும் தோட்டமாகவே இருக்கிறது, பதுளை நகரிலிருந்து ஓட்டோவில் போகிற தூரத்தில்.