தேயிலைக்கு ஒரு நீதி, விளையாட்டுக்கு ஒரு நீதியா?

பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு, 2023-ஆம் ஆண்டில் நீலகிரியின் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உழைப்புக்கு ஏற்ற ஊதியம் கேட்பது தவறு என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதே வீட்டுப் பிள்ளை, வீடியோ கேமின் திருட்டுப் பிரதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி விளையாடினால்? அதை உருவாக்கியவர்களும் உழைப்பாளிகள்தாமே! 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே அதைப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைவாசம் உண்டு.

எனினும், பையனை மட்டும் ஏசிப் பயனில்லை. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதன் பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய். அமெரிக்கர் கொடுத்த 70 டாலரும் அன்று ஏறக்குறைய இதே தொகைதான். அவர் வருமானமும் நம் தோட்டத் தொழிலாளியின் வருமானமும் ஒன்றாகுமா?

வழி இல்லாமல் இல்லை. 'ஸ்டீம்' என்னும் இணையக் கடை 2015-இல் ரூபாயில் விலை குறிக்கத் தொடங்கியது. பல விளையாட்டுகள் டாலர் விலையைவிட மலிவாகவே கிடைத்தன.

தேயிலை வியாபாரி இதை என்றோ அறிந்தவர். பெரிய டப்பா வாங்க இயலாதவருக்குச் சிறு பொட்டலம் கட்டித் தருகிறார். அவரும் காசு கொடுத்தே வாங்குகிறார். பிள்ளைகள் திருட்டை விடட்டும். கம்பெனிகளும் பொட்டலம் கட்டக் கற்றுக்கொள்ளட்டும்!