வார்ப்புருவை விடுங்கள், ஓடையைப் பாருங்கள்

சொந்தமாக இடம் வாங்கி வலைப்பதிவு நடத்துபவர்கள் வார்ப்புருவுக்குச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் செய்தியோடைக்குச் செலவிடுவதில்லை. தலைப்புப் படம் மாறுகிறது, பக்கப்பட்டை வலமிருந்து இடம் போகிறது, நாட்காட்டி வருகிறது, மறைகிறது. ஓடை ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பத்திரிகையில் பக்க வடிவமைப்பு முக்கியம்தான். ஆனால் அச்சான கட்டு இரவுப் புகையிரதத்தில் ஏறாவிட்டால் அந்த வடிவமைப்பை யார் காண்பது?

ஓடை என்பது அந்தக் கட்டுத்தான். பதிவின் தலைப்பு, திகதி, முகவரி, உள்ளடக்கம் ஆகியவற்றை எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வெளியே வைப்பது. 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தொடக்கி வைத்த ஆர்எஸ்எஸ், 2002இல் அதன் 2.0 வடிவம், 2005இல் தரமாக்கப்பட்ட ஆட்டம் என்று வடிவங்கள் பல, வேலை ஒன்றே. தமிழ்மணம் போன்ற திரட்டிகள் உலகின் பல மூலைகளில் எழுதப்பட்ட தமிழை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்ததும் இந்தக் கோப்பை வைத்துத்தான். வார்ப்புருவின் அழகை அவை கணக்கிலெடுக்கவே இல்லை.

ஓடை பழுதாவதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பழுதானது எழுதுபவருக்குத் தெரியாது. எச்டிஎம்எல் பக்கத்தில் பிழை இருந்தால் உலாவி எப்படியோ சமாளித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல் அப்படியல்ல, ஒரு பிழை கண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே தளம் பளிச்சென்று இருக்கும், ஓடை செத்துக் கிடக்கும். இதற்கு மருந்து எளிது: உங்கள் ஓடைக்கு நீங்களே சந்தாதாரர் ஆகுங்கள். நாளிதழ் ஆசிரியர் காலையில் தன் வீட்டு வாசலில் விழும் பத்திரிகையைத்தான் முதலில் புரட்டுவார்.

தமிழில் எழுதுபவர்களை அதிகம் வாட்டிய பழுது கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளால் வந்தது. வார்ப்புருவில் ‘மேலும் வாசிக்க’, ‘மறுமொழிகள்’ என்று தமிழில் போட விரும்புபவர் கோப்பை விண்டோஸ் நோட்பேடில் திறப்பார். தமிழ் இருப்பதால் அதை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். பழைய நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் ஓர் அடையாளக் குறியைத் தானாகவே ஒட்டிவிடும். அது ஓடையின் முதல் வரிக்கும் முன்னால் போய் நிற்கும். எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில் இல்லை என்ற முறைப்பாட்டுடன் ஓடை நின்றுவிடக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வந்ததில்லை. 2019இல் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் அந்தக் குறியில்லாமல் சேமிப்பதை வழமையாக்கியது. அதே விளைவைத் தரும் இன்னொன்று வெற்று வரி. ஃபங்ஷன்ஸ் கோப்பின் கடைசியில், பிஎச்பி முடிவுக் குறிக்குப் பின்னால், ஒரு வெற்று வரி இருந்தாலே போதும். அந்த முடிவுக் குறியையே அழித்துவிடுங்கள். நிரலுக்கு அது தேவையில்லை.

இதை வெறும் தொழில்நுட்ப விடயமாக என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் உண்டு. 2006 முதல் 2009 வரை வடக்கு கிழக்கிலிருந்து எழுதிய ஒருவரின் ஓடை நான்கு நாள் அசையாவிட்டால், தூர தேசத்தில் அதை வாசித்துக்கொண்டிருந்தவர் என்ன நினைப்பார்? மின்சாரம் இல்லையா, இடம்பெயர்ந்துவிட்டாரா, அதற்கும் மேலா? அந்தக் கேள்வியை ஒரு வெற்று வரி எழுப்பக்கூடாது.

ஓடையில் முழுப் பதிவையும் கொடுப்பதா, சுருக்கம் மட்டும் கொடுப்பதா என்பது பழைய விவாதம். என் பக்கம் முழுப் பதிவு. சுருக்கம் கொடுத்தால் வாசகர் தளத்துக்கு வருவார், எண்ணிக்கை கூடும், திருட்டும் குறையும் என்கிறார்கள். திருடுபவர் பக்கத்திலிருந்தே திருடுவார். எழுதியவர் பெயரைக்கூடப் போடாமல் பதிவுகளை எடுத்து அச்சிட்ட பத்திரிகைகளை நான் அறிவேன். அவற்றுக்கு ஓடை தேவைப்படவில்லை. எண்ணிக்கையைவிடப் பெரிய விடயம் வேறொன்று இருக்கிறது. 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. அப்படி ஒரு தளம் உள்நாட்டு இணைய இணைப்புகளில் தடுக்கப்பட்டாலும், அதன் ஓடையை எடுப்பது வாசகரின் கணினியல்ல, வெளிநாட்டில் இருக்கும் திரட்டியின் வழங்கி. ஓடையில் முழு உரையும் இருந்தால் தடைக்குள் இருப்பவரும் வாசிக்கலாம். சுருக்கம் மட்டும் இருந்தால் ஐம்பது சொல்லோடு கதவு மூடிக்கொள்ளும். 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் ஃபேஸ்புக் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் இங்கே முடக்கப்பட்டன. தம் எழுத்தை அங்கே மட்டுமே வைத்திருந்தவர்களின் வாசகர்களுக்கு அந்த நாட்களில் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை.

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் திகதி மூடப்பட்டதோடு ஓடையின் காலம் முடிந்தது என்பவர்கள் உண்டு. மூடப்பட்டது ஒரு கடை. ஓடை எவருடைய சொத்துமல்ல. இன்று எல்லோரும் கேட்கும் பாட்காஸ்ட்கள் ஆர்எஸ்எஸ்ஸில்தான் பயணிக்கின்றன.

சுருக்கம்தான் வேண்டுமென்றால் சொல் எண்ணி வெட்டுங்கள். வேர்ட்பிரஸ் வழமையாக ஐம்பத்தைந்து சொற்களில் வெட்டும், அது நல்லது. சில வார்ப்புருக்கள் பைட் எண்ணி வெட்டும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியுமாக ஆறு பைட். நடுவில் கத்தி விழுந்தால் எழுத்து உடைந்து கேள்விக்குறியாகும், ஓடையில் விழுந்தால் ஓடையே நின்றுபோகும். நம் அலுவலகங்களில் பாமினியில் தட்டச்சான பிரதியை அப்படியே பதிவில் ஒட்டுபவர்களுக்கும் ஒரு சொல். வார்ப்புருவில் அந்த எழுத்துருவைக் குறித்திருந்தால் தளத்தில் தமிழாகத் தெரியலாம். ஓடை எழுத்துருவைச் சுமந்து செல்வதில்லை. வாசகருக்குப் போய்ச் சேர்வது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறிக்கு மாற்றிய பின்பே பதியுங்கள்.

தளத்தை வேறு முகவரிக்கு மாற்றுபவர்கள் தரவுத்தளத்தில் பழைய முகவரியைத் தேடிப் புதியதை இடுவார்கள். அதில் ஒரு களத்தை மட்டும் தொடக்கூடாது: ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்போல இருக்கும் ‘ஜியுஐடி’. அது மாறினால் பழைய பதிவுகள் புதியவை என்று சந்தாதாரரிடம் மீண்டும் போகும். சமையற்குறிப்பு என்றால் பரவாயில்லை. போன வருடத்து ஊரடங்குச் செய்தியோ மரண அறிவித்தலோ இன்று வந்ததுபோல் ஒருவர் கையில் கிடைப்பதை எண்ணிப் பாருங்கள். திகதியைப் பார்ப்பார்தானே என்று கேட்க வேண்டாம். மரண அறிவித்தலில் கண் முதலில் போவது பெயருக்கு.

நேரமும் அப்படியே. 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை ஆறு மணி வித்தியாசத்திலிருந்து ஐந்தரைக்குத் திருப்பியது. அப்போது வேர்ட்பிரஸில் அந்த எண்ணை நாமே மாற்ற வேண்டும். மாற்றாதவர்கள் நேரம் குறித்து வைத்த பதிவுகள் அரை மணி முன்னதாகவே வெளிவந்தன. இப்போது கொழும்பு என்று ஊர்ப் பெயரைத் தெரிவு செய்தால் போதும்.

இவ்வளவும் முடித்த பிறகு வார்ப்புருவில் கை வைக்கலாம். மூல வார்ப்புருவைத் திருத்தாதீர்கள், அடுத்த இற்றைப்படுத்தலில் எல்லாம் அழிந்துவிடும். சேய் வார்ப்புரு ஒன்றை அமைத்து அதில் எழுதுங்கள். வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றே முக்கால் மடங்குவரை கூட்டுங்கள், மேல் விசிறிக்கும் கீழ்ச் சுழிக்கும் இடம் வேண்டும். இரு பக்கமும் ஒத்து நிற்கும்படி பத்தியை இழுக்காதீர்கள். அச்சுக்கோர்ப்பவர் நீண்ட தமிழ்ச் சொல்லை எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். உலாவி அதைச் செய்யாது, சொற்களுக்கிடையே பள்ளம் தோண்டும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம். அது காற்றில் சாய்ந்த வாழைபோல இருக்கிறது.