பீ கேர்ஃபுல்லாம்!

ஆங்கிலத்தில் ஒருவரை எச்சரிக்கச் சொன்னால் நம் ஆட்களுக்கு வருவது ஒன்றே ஒன்று: 'பீ கேர்ஃபுல்'. சூடான டீக்கும் அதுதான், கல்லட்டிப் பாதைக்கும் அதுதான்!

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்து 5 பேர் இறந்தார்கள். விழுந்தது தெரியவே இரண்டு நாள் ஆனது. பிறகு வெளியூர் வண்டிகள் அங்கே இறங்கத் தடை போட்டார்கள்.

வழி கேட்கும் பெங்களூர்க்காரரிடம் 'கேர்ஃபுல்' என்றால் என்ன அர்த்தம்? போகலாம், பார்த்துப் போ என்றுதானே! பிரேக்கை மிதித்தபடியே இறங்கி அதைச் சூடேற்றிக் கெடுப்பவரும் தன் கணக்கில் கேர்ஃபுல்தான். 'யூ பெட்டர் நாட் கோ தட் வே, டேக் த கூடலூர் ரோடு' என்று சொல்ல வேண்டும். அதில் மிரட்டல் தொனிக்கிறதாம், மரியாதை இல்லையாம் ('ஷுட் நாட்'டை விடக் காரம்தான், சரி). தொனிக்கட்டுமே!