மலைச் சாலையில் உழைப்பாளி உயிர் மலிவா?

விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் புறப்படுகின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நமது பெண் தொழிலாளர்கள் மலையேறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்தப் பாதையானாலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். ஜீப்பிலோ இருக்கைக்கு மேல் ஆள், மடிமேல் ஆள். இவர்களைப் பார்த்து, "சீட் பெல்ட் அணியுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் போதுமா?

பெல்ட் வேண்டாம் என்பதல்ல நமது வாதம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னே பாய்கிறார். நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடி அது. பத்துக் கிலோ குழந்தை அந்தக் கணத்தில் ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கை தாங்கும்?

2022 செப்டம்பர் 4 அன்று டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த காரில் போய் மகாராஷ்டிரத்தில் மாண்டார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்றது போலீஸ். கோடீசுவரருக்கும் விதிவிலக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய தேனி மாவட்டத்தார் 8 பேர், குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து உயிரிழந்தனர்.

கலியாணத்துக்கோ கோயிலுக்கோ வாடகைக் காரில் போகும் தோழர்கள் கவனிக்க வேண்டும். பின் இருக்கையிலும் பெல்ட் அணிய வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேலல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. மேல்பட்டை தோளின் மீது வரவேண்டும், அக்குளுக்குள் போகக் கூடாது. 'ஏர் பேக்' என்னும் காற்றுப்பை பெல்ட்டுக்குத் துணையே தவிர, மாற்று அல்ல. கண் இமைப்பதற்குள் அது வெடித்து விரியும். முன் இருக்கையில் மடியில் குழந்தை இருந்தால் காக்க வந்த பையே எமனாகும். குழந்தைகளைப் பின்னால் உட்கார வையுங்கள். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு முழமாவது தள்ளி உட்காரட்டும்.

ஆனால், ஆளுக்கு ஓர் இருக்கை இருந்தால்தானே ஆளுக்கு ஒரு பெல்ட்? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தைப் பாருங்கள். பெல்ட் அணியாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். அளவுக்கு மேல் ஏற்றிய ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய்! தொழிலாளியைத் திணிப்பது இவ்வளவு மலிவு! ஆனாலும் அதே சட்டம், மிகுதியான ஆட்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே வண்டி நகர வேண்டும் என்கிறது. அபராதச் சீட்டைக் கிழித்துவிட்டு வண்டியைப் போகவிடுவது சட்டமாகாது.

ஜீப்புக்காரரைத் திட்டிப் பயனில்லை. கூட்டமாக ஏற்றினால்தான் அவருக்கு நடை கட்டும். ஏறாவிட்டால் தொழிலாளிக்கு அன்றைய கூலி போகும். மிச்சம் யாருக்கு? ஏலக்காய் முதலாளிக்கு! ஆகவே ஏற்றிச் செல்லும் செலவைத் தோட்ட முதலாளியே ஏற்க வேண்டும். விடியற்காலையில் இரண்டு மாநில சர்க்கார்களும் போதிய பஸ்களை விட வேண்டும். மில் வேன்களிலும் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது.

தோழர்களே! பெல்ட் இருக்கும் வண்டியில் பெல்ட்டை அணியுங்கள். இருக்கையே இல்லாத வண்டியில், இருக்கை கேட்டு ஒன்றுசேருங்கள்!