பூட்டைப் போட்டவர் சாவிக்கும் பதில் சொல்ல வேண்டும்

லாப்டாப்பைத் திறந்ததும் நாம் அடிக்கிற பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். அதற்கும் அடியில் இன்னொரு பூட்டு உண்டு. விண்டோஸ் வருவதற்கு முன்பே, மதர்போர்டு கண் விழிக்கும்போதே குறுக்கே நிற்கும் பூட்டு. ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு என்பார்கள். பலர் இன்னும் பயாஸ் பாஸ்வேர்டு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பூட்டின் பெயரால் நடக்கும் அநியாயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த பாஸ்வேர்டு ஹார்ட் டிஸ்கில் இல்லை. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் நகக்கண் அளவு சிப்பில் இருக்கிறது. டிஸ்கை மாற்றினாலும் போகாது, விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் போகாது. பழைய மேசைக் கணினியில் நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்தால் பெரும்பாலும் அழிந்துவிடும். இன்றைய லாப்டாப்பில் அந்த வைத்தியம் பொதுவாகப் பலிப்பதில்லை. ஆப்பிள் கம்பெனியின் பழைய மேக்குகளில் மெமரித் துண்டை மாற்றினால் பூட்டு விலகிய காலம் ஒன்று இருந்தது. 2011க்குப் பிறகு அந்த வழியும் அடைபட்டது.

ரிப்பேரில் சிக்கல் இப்படி வருகிறது. தண்ணீர் பட்டு மதர்போர்டு போய்விட்டது. புதுப் போர்டின் விலை ஏறக்குறைய புது லாப்டாப்பின் விலை. ஆகவே கடைக்காரர் பழைய மெஷினிலிருந்து கழற்றிய போர்டு ஒன்றை வாங்கி மாட்டுகிறார். கரண்ட் வருகிறது, விசிறி சுற்றுகிறது, திரையில் பூட்டுப் படம் வந்து நிற்கிறது. போர்டின் முந்தைய சொந்தக்காரர் போட்ட பாஸ்வேர்டு போர்டோடு கூடவே வந்துவிட்டது. அவர் யார், எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்?

கம்பெனிகள் சொல்வதைக் கேளுங்கள். மேக்கில் இந்த பாஸ்வேர்டு மறந்தால், வாங்கியதற்கான அசல் ரசீதோடு நேரில் வரச் சொல்கிறது ஆப்பிள். லெனோவோவின் திங்க்பேட் கையேடுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் நீக்க வழியில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு என்கின்றன. எட்டு எழுத்து மறந்ததற்கு ஒரு போர்டு குப்பைக்குப் போகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள். கணவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். அவருடைய லாப்டாப் ஓடாமல் கிடந்தது. கடைக்காரப் பையன் போர்டில் கெட்டுப்போன ஒரு சிறு பாகத்தை மாற்றி உயிர் கொடுத்தான். உடனே பூட்டு எழுந்து நின்றது. பாஸ்வேர்டு போனவரோடு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் ரசீது கேட்டார்கள். ரசீது இருந்தது, ஆனால் மெஷினில் அச்சடித்த அந்தத் தாளில் எழுத்தெல்லாம் மங்கி வெள்ளைக் காகிதமாகிவிட்டிருந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், லாப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பர் எல்லாம் காட்டியும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதே காகிதங்களைக் காட்டித்தான் அந்த அம்மாள் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார், பேங்கில் கணவரின் டெபாசிட்டை வாங்கினார், வீட்டு வரியைத் தம் பெயருக்கு மாற்றினார். வீட்டுக்குப் போதுமான அத்தாட்சி ஒரு லாப்டாப்புக்குப் போதாதா?

‘திருடன் கையில் போனால் என்ன செய்வது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். திருடிய மெஷின் பயன்படாது என்று தெரிந்தால் திருட்டு குறையும். பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேர்வழியை அடைத்தால் என்ன ஆகிறது? சில கடைகளில் அந்தச் சிப்பின் மேல் ஒரு கிளிப்பை மாட்டி, சிறு கருவியால் உள்ளே இருப்பதைப் படித்து, பூட்டில்லாத பதிவை எழுதிவிடுகிறார்கள். பல மாடல்களில் இது நடக்கிறது. ‘இது உங்களுடையதுதானா?’ என்று எல்லாக் கடையிலும் கேட்பதில்லை. ஆக, திருடனுக்கு வழி இருக்கிறது, விதவைக்கு இல்லை. இதுவா பாதுகாப்பு?

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். கருவூலத்தின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு பேரிடம். ஆனால் இரண்டுக்கும் மாற்றுச் சாவி உண்டு; அது முத்திரையிட்டு வேறோர் இடத்தில் இருக்கும்; யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதற்குப் பதிவேடு உண்டு. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் என்ன செய்தார்? பத்திரத்தின் மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, நகலைத்தான் சொந்தக்காரருக்குக் கொடுத்தார். வீட்டில் நகலைக் கரையான் தின்றாலும் சொத்து போகாது. அந்த இங்கிதம் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு ஏன் இல்லை? சீரியல் நம்பர் அவர்களிடம் இருக்கிறது, விற்ற கணக்கு இருக்கிறது. மனம்தான் இல்லை.

நான் படித்த மொழிக்காரர்கள் இதில் முன்னே போய்விட்டார்கள். பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை பிரான்ஸ் 2015இலேயே குற்றமாக்கியது. 2 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். 2021 ஜனவரி முதல் அங்கே விற்கும் லாப்டாப்பில், ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டாக வேண்டும். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022இல் ரிப்பேர் உரிமைக்கென்று குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலும் திறந்தது. நல்லதுதான். ஆனால் வாசல் திறந்தால் போதாது, சட்டம் உள்ளே வர வேண்டும்.

நான் கேட்பது மூன்று. ஒன்று, சீரியல் நம்பரும் வாரிசுச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டினால், குறிப்பிட்ட நாளுக்குள் பூட்டைத் திறந்து கொடுக்கக் கம்பெனி கடமைப்பட வேண்டும். இரண்டு, ‘போர்டையே மாற்று’ என்ற பதில் செல்லக்கூடாது. மூன்று, பழைய கம்ப்யூட்டர்களை ஏலம் விடும் அலுவலகங்கள் அந்தக் கழிவுப் பட்டியலில் ‘பாஸ்வேர்டு நீக்கப்பட்டதா?’ என்று ஒரு கலம் சேர்க்க வேண்டும். இதற்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை ரசீதை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள்.