காணாத வைரஸுக்குப் பெயர் சூட்டலாமா?

மந்தாரக்குப்பத்து மாணவர்களுக்குப் பழுப்பு நிலக்கரியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த மகரந்தத் துகள்கள் அந்தக் கரியில் கெடாமல் இருக்கின்றன என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். சி. ஜி. கே. ராமானுஜம் என்னும் தாவரவியலார் இவற்றை ஆராய்ந்து 1966-இல் கட்டுரை வெளியிட்டார். இத்தகைய தொல்மகரந்தங்கள் பலவற்றின் தாய்ச்செடியை எவரும் பார்த்ததில்லை. துகளின் வடிவத்தைக் கொண்டே பெயர் இட்டார்கள்.

வைரஸ் உலகிலும் இன்று இதே நிலைமைதான். முன்பெல்லாம் ஒரு வைரஸை உயிரணுக்களில் வளர்த்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அது தரும் நோயையும் அறிந்த பின்பே பெயர் வைப்பது வழக்கம். இப்போதோ சாக்கடை நீரிலும் மண்ணிலும் உள்ள மரபு எழுத்துகளைக் கருவிகள் படித்துவிடுகின்றன. துண்டு துண்டாகக் கிடைப்பதைக் கம்ப்யூட்டர் ஒட்டித் தருகிறது. வைரஸ் கண்ணில் படுவதே இல்லை! மரபுச் செய்தி போதிய அளவு முழுமையாகக் கிடைத்தால், அதை மட்டும் கொண்டே வகைப்படுத்தலாம் என்று 2017-இல் வெளியான வல்லுநர் முடிவை அனைத்துலக வைரஸ் வகைப்பாட்டுக் குழு ஏற்றுக்கொண்டது.

இரண்டு வைரஸ்களின் துண்டுகள் தவறுதலாக ஒட்டிக்கொண்டு, உலகில் இல்லாத ஒன்று பிறந்துவிடாதா? நியாயமான அச்சம்தான். ஆயினும் 2014-இல் நடந்ததைப் பாருங்கள். மனிதக் குடலில் ஏராளமாக உள்ள ஒரு வைரஸை எழுத்துகளிலிருந்தே கண்டுபிடித்தார்கள்; சுமார் 97,000 எழுத்துகள். துண்டுகளைச் சேர்க்க உதவிய கம்ப்யூட்டர் நிரலின் பெயரையொட்டி அதற்குக் கிராஸ்ஃபேஜ் என்று பெயர் வந்தது. பாக்டிராய்ட்ஸ் என்னும் குடல் பாக்டீரியாவில் அது வாழக்கூடும் என்றும் கணித்தார்கள். 2018-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் அதன் உறவு வைரஸ் ஒன்றை முதன்முதலாக வளர்த்தபோது, அது வளர்ந்ததும் பாக்டிராய்ட்ஸில்தான்.

ஆகவே பெயர் சூட்டுவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 'எழுத்தில் மட்டும் கண்டது' என்னும் அடையாளம் பெயரோடு இருந்தாக வேண்டும். வளர்க்க முடியாத பாக்டீரியாவின் பெயருக்கு முன் 'கேண்டிடேட்டஸ்', அதாவது 'வேட்பாளர்', என்று எழுதுகிறார்கள். (தேர்தலில் நிற்பவரைப் போல!) வைரஸுக்கு அப்படியொரு முன்னடை இல்லை.

இது வெறும் ஏட்டு வழக்கு அன்று. 2020-இல் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிலையத்தார், தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட இடங்களின் பழந்தின்னி வௌவால்களிடம் கொரோனா வகை வைரஸ்களின் மரபு எழுத்துகளைக் கண்டார்கள். அவை கோவிட் வைரஸ் அல்ல. ஆனால் அந்த ஆண்டில் 'கொரோனா' என்ற சொல் ஒன்று போதாதா, வௌவால் தொங்கும் மரத்தை வெட்டு என்று கிளம்ப? பக்கத்திலேயே 'எழுத்தில் மட்டும் கண்டது' என்று இருந்திருந்தால், செய்தித்தாள் படிப்பவர், "அப்படியானால் இது மனிதரைத் தாக்குமா என்பது இன்னும் தெரியாது" என்று ஒரு நிமிடம் நின்றிருப்பார்.